இந்தப் பக்கமும் வெள்ளி, அந்தப் பக்கமும் வெள்ளி

2021 ஜூன் மாதம். முழு ஊரடங்கு நாள்கள். நிபோங் திபாலில் எங்கள் தாமான் வீட்டின் பின்னறையில் சன்னலுக்கு இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். காலை நிகழ்ச்சியின் கடைசிப் பாடல் போய்க்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. சிங்கப்பூர் எண். பெரியப்பா மகன் பேசினார்.

"அப்பா போயிட்டாரும்மா. சித்தப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லு."

பாடல் முடிந்ததும் மணி சொல்லி, நேயர்களுக்கு வணக்கம் சொல்லி, ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அப்பா முன்வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இப்பப் புறப்பட்டா எப்ப போய்ச் சேரலாம்?" என்பதுதான்.

போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். 2020 மார்ச் 18 முதல் ஜொகூர் பாலம் சாதாரண மக்களுக்கு மூடிக்கிடந்தது. சிங்கப்பூரை விடுங்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே ஓடும் கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். எதிர்க்கரையில் பாரிட் புந்தார். சாதாரண நாளில் மீன் வாங்கவும் முடிவெட்டவும் போய்வருகிற தூரம். அந்த ஜூனில் மாநில எல்லை கடக்கத் தடை என்பதால் பாரிட் புந்தாருக்கே போலீஸ் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஏறத்தாழ 650 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஈசூனுக்கு எப்படிப் போவது?

மறுநாள் அப்பா குளித்து, வெற்றுடம்பில் துண்டைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் சாய்த்து வைத்த டேப்லெட் முன்னால் உட்கார்ந்தார். திரையில் அண்ணனும் சில உறவினர்களும் முகக்கவசத்தோடு நின்றார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வந்தார். கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. அம்மா ஒரு வாழை இலையைக் கொண்டுவந்து டேப்லெட் முன்னால் விரித்தார். அதில் போட்டார்.

ஒரு நாடு இரண்டாகப் பிரிவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ரயிலில் போன பெரியப்பா

பெரியப்பா சிங்கப்பூருக்குப் போனது 1962-இல். அப்போது அவருக்கு வயது 18. எங்கள் பாட்டி நிபோங் திபாலை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பெரட்டுக்குத் தன் மூத்த மகனும் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தார். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தூரத்து மாமா ஒருவர் கடிதம் போட்டு அழைத்தார். பெரியப்பா ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறினார். கோலாலம்பூரில் இறங்கி வேறு ரயில் பிடித்து தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கினார். கடப்பிதழ் இல்லை. சட்டைப் பையில் இருந்தது அடையாள அட்டை மட்டும்.

அடுத்த ஆண்டு, 1963 செப்டம்பர் 16-ஆம் நாள், மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து மலேசியா உருவானது. பெரியப்பா போன ஊரும் அவர் விட்டுவந்த ஊரும் ஒரே நாடாகின. அது 23 மாதங்கள்தான் நீடித்தது. 1965 ஆகஸ்டு 9, ஒரு திங்கட்கிழமை. காலை 10 மணிக்கு வானொலியில் அறிவிப்பு வந்தது. சிங்கப்பூர் தனி நாடு. பட்டறையில் வேலையாக இருந்த பெரியப்பாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் யாரோ சொன்னார்களாம். "சாப்பிட்டு முடிச்சுப் பார்த்தா நான் வெளிநாட்டுல இருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

உண்மையில் அன்று மாலையே எதுவும் மாறிவிடவில்லை. பிரிவு தவணை முறையில்தான் வந்தது. 1967-இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அதே ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் இரண்டு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அப்படியும் 1973 மே வரை அங்குள்ள ஒரு வெள்ளியும் இங்குள்ள ஒரு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியாகின. பெரியப்பா தோட்டத்துக்கு அனுப்பிய பணம் ஒரு காசு குறையாமல், கூடாமல் வந்து சேர்ந்தது. பாட்டி வாழ்நாள் முழுக்க ஒப்புக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. "அதே ரயிலு, அதே தண்டவாளம். இடையில எப்படிடா என் பிள்ளை அந்நியன் ஆனான்?" என்பார். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை.

தமிழர்களில் எத்தனையோ பேருக்கு இதே கதை இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். மலாக்காவில் பிறந்த மலையாளியான தேவன் நாயர் 1964-இல் நம் பங்சார் தொகுதியில் வென்று கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த எஸ்.ஆர். நாதனின் பிள்ளைப் பருவம் ஜொகூரின் மூவாரில் கழிந்தது. பெரிய பதவிக்கு வந்தவர்களின் கதை புத்தகமாகிவிட்டது. பட்டறையிலும் ரயில்வேயிலும் தோட்டத்திலும் இருந்தவர்களின் கதை ஒவ்வொரு வீட்டுத் தகரப் பெட்டியிலும் கிடக்கிறது.

ஒரே நீலம்

எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது இரண்டு அடையாள அட்டைகளின் பழைய நகல்கள். அப்பாவுடையது நீலம். பெரியப்பா சிங்கப்பூர்க் குடியுரிமை எடுப்பதற்கு முன் சில ஆண்டுகள் வைத்திருந்ததும் நீலம். சிறுமியாக இருந்தபோது இரண்டும் ஒன்று என்றே நினைத்தேன்.

நம் நாட்டில் நீல ஐசி வைத்திருப்பவர் குடிமகன். சிவப்பு வைத்திருப்பவர் நிரந்தரவாசி. சிங்கப்பூரில் நீல அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. நம் பக்கம் "நீ இந்த நாட்டுக்காரன்" என்று சொல்லும் நிறம், பாலத்தைத் தாண்டினால் "நீ இங்கே தங்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் அல்ல" என்று சொல்கிறது. நீல ஐசிக்காக இன்னமும் அலுவலக வாசல்களில் காத்திருக்கும் நம்மவர்களை இங்கே அறிவேன். நிகழ்ச்சியில் அவர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பக்கமோ, நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றுவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் யோசிக்கும் மலேசியத் தமிழர்களையும் அறிவேன். இரட்டைக் குடியுரிமையை இரு நாடுகளுமே ஏற்பதில்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும்.

இரண்டு வெள்ளி

ரிங்கிட் என்றோ டாலர் என்றோ நம்மவர்கள் வாயில் வருவதில்லை. இங்கேயும் வெள்ளிதான், அங்கேயும் வெள்ளிதான். 1973 வரை சமமாக இருந்த அந்த இரண்டில் ஒன்று, இன்று மற்றொன்றைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எங்கள் குடும்பத்தின் பாதிப் பேச்சு இந்த மூன்று மடங்கைச் சுற்றியே நடக்கிறது.

என் தம்பி ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்துகொண்டு உட்லண்ட்சில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறுகிறான். கையில் வருவது 2,600 சிங்கப்பூர் வெள்ளி. மாற்றினால் இங்கே ஒரு மேலாளரின் சம்பளம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட் ஆனது. பத்து காவானில் இதே வேலைக்கு என்ன தருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அங்கே மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டுத்தான் போனான். பெருந்தொற்றுக்கு முன் நாள் ஒன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தைக் கடந்தார்கள் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோரின் கணக்கு தம்பியின் கணக்குதான்.

ஆனால் அந்த வெள்ளியை அந்தப் பக்கமே செலவழித்தால் கதை வேறு. 2022 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை முழுமையாகத் திறந்த பிறகு, அந்த ஆண்டு தீபாவளிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு ஈசூனுக்குப் போனோம். பெரியப்பா இல்லாத பெரியப்பா வீடு. அண்ணன் குடும்பம் இருப்பது வீவகவின் மூவறை வீடு. மூவறை என்றால் மூன்று படுக்கையறை என்று நாம் நினைப்போம். அங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுகிறார்கள், படுக்கையறை இரண்டுதான். 99 ஆண்டுக் குத்தகை. எங்கள் தாமான் வீடோ ஓட்டு வீடு, ஒற்றை மாடி, மழைக்குக் கூடத்தில் ஓர் இடத்தில் ஒழுகும். ஆனால் வாசலில் ஒரு கொய்யா மரம், பக்கத்தில் கறிவேப்பிலை, வெளியே நிறுத்த மைவி காருக்கு இடம். அண்ணன் கார் வாங்கவில்லை. அங்கே காருக்கு முன் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டுதான் செல்லும் அந்தச் சான்றிதழே சில ஏலங்களில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. அந்தக் காசுக்கு இங்கே எங்கள் தாமானில் ஒரு வீடே முடியும்.

"உனக்குக் காரு இருக்கு, வீட்டுக்கு முன்னால மரம் இருக்கு. எனக்கு வாசல்ல பஸ்ஸு, பத்து நிமிஷத்துல மருத்துவமனை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு என் பொண்ணு தனியா நடந்து வந்தாலும் நான் தூங்குவேன்" என்றார் அண்ணன். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என் காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்குக் காரில் புறப்படும்போது, நான் போய்ச் சேர்ந்தேன் என்று குறுஞ்செய்தி வரும்வரை அப்பா தூங்குவதில்லை.

சேமநிதியிலும் இதே கதை. நம் ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது, அவர்களுடைய மத்திய சேமநிதி 1955-இல் வந்தது. இரண்டும் பிரிட்டிஷ் காலத்துப் பிள்ளைகள்தான். நம்மிடம் தொழிலாளியிடமிருந்து 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். அங்கே 55 வயதுவரை 20 விழுக்காடு. அண்ணன் வீடு வாங்கியது அந்தப் பணத்தில்தான். "கையில காசு நிக்காது, ஆனா கூரை நிக்கும்" என்பார்.

சாப்பாட்டில் மட்டும் இரு பக்கமும் தோற்க மறுக்கிறார்கள். நாம் ரொட்டி சானாய் என்பது அங்கே புரோட்டா. தே தாரிக் இங்கும் அங்கும் தே தாரிக். பினாங்கு நாசி கண்டாருக்கு ஈடு அங்கே இல்லை என்று அப்பா தேக்காவில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னார். பக்கத்து மேசைக்காரர் திரும்பி, "நீங்க எந்த ஊருங்க, பட்டர்வொர்த்தா?" என்று கேட்டார். அவர் புக்கிட் மெர்தாஜம்காரர். சிங்கப்பூர் வந்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டதாம். அரை மணி நேரம் இரண்டு பேரும் பழைய ரயில் நிலையங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அப்பா குவளையைக் காட்டிச் சிரித்தார். பெரியப்பா எப்போதும் சொல்லும் வேடிக்கை அது: "குடி, குடி, ஜொகூர்த் தண்ணிதான்." 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம், ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த நீரை ஜொகூருக்கு அவர்கள் திருப்பி விற்பது ஆயிரம் கேலன் 50 காசுக்கு. 2061 வரை இது நடக்கும். இதைப் பற்றி அரசியல்வாதிகள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். குழாய் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

பலகையில் தமிழ், வாயில் தமிழ்

சிங்கப்பூரில் இறங்கியதும் என்னைப் போன்ற ஒலிபரப்பாளருக்கு முதலில் கண்ணில் படுவது எழுத்து. ரயில் நிலையத்தில் தமிழ், எச்சரிக்கைப் பலகையில் தமிழ், பணத்தாளில் "சிங்கப்பூர்" என்று தமிழில். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம் மொழியும் ஒன்று. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம். முதல் முறை பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது உண்மை. நம் ரிங்கிட் தாளில் தமிழைத் தேட வேண்டாம், கிடைக்காது.

அடுத்த காட்சி அண்ணன் வீட்டில். அவருடைய மகள் கெட்டிக்காரி, பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண். அப்பா அவளிடம், "பசியாறிட்டியாம்மா?" என்றார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. புரிந்துகொண்டாள், சிரித்தாள், தாத்தாவுக்குத் தட்டில் முறுக்கு வைத்தாள். வாயில் வந்த மொழிதான் அது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் அது 3.3. அங்கே கடைசியாக இருந்த தமிழ்ப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இப்போது எல்லாரும் ஆங்கிலத்தில் படித்து, தமிழைத் தாய்மொழிப் பாடமாக ஒரு பாடமாகப் படிக்கிறார்கள்.

நம் பக்கம் நிலைமை நேர்மாறு. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணினால் இரு நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்று நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். நான் படித்ததும் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில்தான். கணக்கைத் தமிழில் போட்டு, அறிவியலைத் தமிழில் படித்து, பூப்பந்து ஆடும்போது தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். இன்று ஒலிவாங்கிக்கு முன் தடுமாறாமல் நான்கு மணி நேரம் பேசுகிறேன் என்றால் அந்தப் பள்ளி போட்ட சோறு அது.

ஆனால் நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் போன பிறகு, பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பெருகிவிட்டன. என் வகுப்புத் தோழிகளிலேயே எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை போதும். அங்கே அரசு தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது, வீடு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இங்கே பள்ளியைக் காலம் காலமாகப் போராடிக் காத்தவர்கள் பெற்றோர். அந்தப் பெற்றோரின் பிள்ளைகளே இப்போது யோசிக்கிறார்கள். எது நல்லது என்று என்னைக் கேட்டால், இரண்டு பக்கத்தாரும் மற்றவரைப் பார்த்துக் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பேன்.

காவடிக்கு விடுப்பு

தைப்பூசத்தன்று பினாங்கில் பொது விடுமுறை. இரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அன்று வேலைக்குப் போவது என்பதே புரியாது. சிங்கப்பூரில் 1968-இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் போய்விட்டது. பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் முதலாளியிடம் விடுப்பு எழுதிக் கொடுத்துத்தான் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார். 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது.

ஒரு தைப்பூசத்துக்கு அவர் நிபோங் திபால் வந்திருந்தார். தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளக் கூட்டத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு, "சத்தம் தாங்கலடா" என்றார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது குப்பையைப் பார்த்து, "எங்க ஊருல இது நடக்காது" என்றார். அதுவும் உண்மைதான்.

மணி ஒன்றுதான்

என் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. பல ஆண்டுகள் மலாயா வானொலியின் தலைமையகமே சிங்கப்பூரில்தான் இருந்தது; 1959-இல்தான் கோலாலம்பூருக்கு வந்தது. ஒரே நிலையத்திலிருந்து பிரிந்த பங்காளிகள் நாங்கள். இன்றும் ஜொகூர் பாருவில் காரில் போகும்போது விசையைத் திருப்பினால் சிங்கப்பூரின் ஒலி 96.8 கேட்கும். குடிநுழைவு அதிகாரிகளால் நிறுத்த முடியாத ஒன்று அது. அந்த "குடிநுழைவு" என்ற சொல்லையே பாருங்கள். தமிழ்நாட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடப்பிதழ், பசியாறுதல், வெள்ளி என்று நம் இரு பக்கத்து ஒலிபரப்பாளர்களும் இன்னும் ஒரே சொற்களைத்தான் வாயில் போட்டுக்கொள்கிறோம்.

மணி சொல்வதும் அப்படித்தான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-ஐ நள்ளிரவு 12 ஆக்கி, சபா, சரவாக்கோடு சேர்ந்துகொள்ள நாம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளினோம். சிங்கப்பூரும் அதே இரவில் தள்ளிக்கொண்டது. பிரிந்து 16 ஆண்டு ஆன பிறகும் நேரத்தில் மட்டும் தனிக்குடித்தனம் வேண்டாம் என்று நினைத்தார்கள் போலும்.

கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது விரிவுரையாளர் ஓர் ஒலிபரப்பைப் போட்டுக் காட்டினார். 1983-இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியை நேரலையில் தொடங்கியது. ஒரு நாள் நிகழ்ச்சியாகத் திட்டமிட்டது நீண்டுகொண்டே போய் 138 நாள், 453 மணி நேரம் ஓடியது. பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே கூட்டம் கூட்டமாக நின்றார்கள். 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அவர்களும் பெரும்பாலும் தெற்கிலேயே ஒருவரையொருவர் தொலைத்தவர்கள்தான். எல்லைக்கு வடக்கே இருந்தவர்களைத் தேட அந்த ஒலிபரப்பாலும் முடியவில்லை. அந்தப் பதிவுகள் இப்போது யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இருக்கின்றன.

அதைப் பார்த்து வகுப்பே அழுதது. நமக்கு அந்தக் கொடுமை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காமல், ஒரு குடும்பம் காணாமல் போகாமல் பிரிந்தவர்கள் நாம். கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம், வரிசையில் நின்று சந்திக்கிறோம். அதனால்தான் 2020 மார்ச்சில் அந்த வரிசையே இல்லாமல் போனபோது நமக்கு அது இவ்வளவு உறைத்தது.

ஐந்து வயதுப் பிள்ளை

இப்போது எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தம்பி மகனுக்கு ஐந்து வயது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது? தம்பி சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறான். மகனையும் சேர்த்துத்தான். அப்படி எடுத்தால் பிள்ளை அங்கே ஆங்கிலப் பள்ளியில் படிப்பான், நல்ல பேருந்தில் போவான், 18 வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் ஜொகூர் பாருவில் தமிழ்ப்பள்ளி. அப்பன் தினமும் விடியுமுன் போய் இருட்டியபின் வருவான். பிள்ளை அவனை ஞாயிற்றுக்கிழமைதான் விழித்த கண்ணோடு பார்க்கிறான்.

தம்பி மனைவிக்கு அங்கே போகவும் ஆசை, இங்கே அம்மாவை விடவும் மனம் இல்லை. அம்மா, "பேரனைத் துப்பாக்கி தூக்கவா பெத்தோம்?" என்கிறார். நான் என் மருமகன் தமிழ்ப்பள்ளிச் சீருடையில் நிற்பதைப் பார்க்க விரும்புகிறேன். ஆனால் 4 மணிக்கு எழுவது தம்பிதான், நானல்ல. தமிழ் பற்றி அவனுக்கு வகுப்பெடுக்க எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

கடந்த மாதம் தம்பி குடும்பத்தோடு நிபோங் திபால் வந்திருந்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பேச்சு சூடாகிவிட்டது. ஆளுக்கொரு கணக்கு. ஜொகூரின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு வரப்போகும் புதிய ரயிலைத் தம்பி இழுத்தான். நான்கு கிலோமீட்டர் தடம், ஐந்தாறு நிமிடம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம் என்கிறார்கள். அது வந்தால் இங்கேயே இருந்துகொண்டு போய்வரலாமே என்றேன். வந்தபிறகு பார்க்கலாம் என்றான்.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க, "சிங்கப்பூரு நம்ம அண்ணனைத் தின்னுடுச்சு" என்று சொன்னவர். தடுக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"நீ எந்த அட்டை வேணும்னாலும் எடுத்துக்க. நீலமோ சிவப்போ, அது உன் பிள்ளை வயித்தைப் பொறுத்தது," என்றார். "ஆனா எனக்கு ஒண்ணு செஞ்சு வெச்சுட்டுப் போ. இவனை ஒவ்வொரு லீவுக்கும் இங்க கொண்டாந்து விடு. என்கூடத் தமிழ்ல பேசட்டும். எங்கண்ணன் கதையை நான் சொல்லணும்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம், எனக்கு முடியாமப் போச்சுன்னு தெரிஞ்சா, பாலம் திறந்திருக்கிறப்பவே கெளம்பி வந்துடு. கடைசி நேரத்துக்குக் காத்திருக்காதே" என்றார்.

தம்பி தலையை ஆட்டினான். பிள்ளை அதற்குள் தாத்தா மடியில் தூங்கிவிட்டிருந்தான். விண்ணப்பப் படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. பள்ளி விடுமுறைக்கு அவன் வருவது மட்டும் உறுதி. பின்னறையில் போர்வைகளைக் கழற்றிவிட்டு அவனுக்குக் கட்டில் போட்டிருக்கிறோம்.